அரைப்பேர் போட்டது கம்பியூட்டரா?

சம்பளத்தன்று ஆபிஸ் ஜன்னலில் இப்போது ஒரே பதில்தான் வருகிறது. "நாங்க என்ன செய்யிறது, கம்பியூட்டர் அப்படித்தான் போட்டிருக்கு." இருபத்திரண்டு நாள் மலை ஏறியவளுக்குப் பத்தொன்பதரைப் பேர் விழுந்திருக்கும். மீதி எங்கே என்று கேட்டால் துரை கிளாக்கரைக் காட்டுவார், கிளாக்கர் கம்பியூட்டரைக் காட்டுவார், கம்பியூட்டர் ஒருவரையும் காட்டாது.

முன்பு செக்ரோலில் பிழை என்றால் கணக்கப்பிள்ளையோடு சண்டை பிடிக்கலாம். அது அவர் எழுதிய இலக்கம், அவர் போட்ட கையெழுத்து. தோட்டத் தலைவர் போய்ப் புத்தகத்தைத் திறக்கச் சொல்லுவார். அடித்துத் திருத்தியிருந்தால் அதுவும் தெரியும். இன்றைக்குக் கொழுந்து மடுவத்தில் மின்தராசு, ஆபிஸில் கம்பியூட்டர், நம் கையில் அச்சடித்த துண்டு. சண்டை பிடிக்க ஆள் இல்லை. பலருக்கு அதுதான் வசதி.

கம்பியூட்டர் தானாக ஒருவருடைய பேரையும் வெட்டுவதில்லை என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறோம். எப்போது முழுப்பேர், எப்போது அரைப்பேர் என்று ஒரு மனிதர் எழுதிக் கொடுத்த வரிகளைத்தான் அது நாள்தோறும் செய்கிறது. அந்த வரிகளுக்குப் பெயர் செய்நிரல். அதை எழுதவும் வாசிக்கவும் பழக்கும் புத்தகம் நம் லயங்களிலேயே கிடக்கிறது. கல்வி வெளியீட்டுத் திணைக்களம் தமிழில் அச்சடித்து இலவசமாகத் தரும் தரம் 11 தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடப்புத்தகம்தான் அது. அதன் முதல் பாடமே செய்நிரலாக்கம். இந்தப் பாடம் தோட்டத்துப் பிள்ளைக்கு எதற்கு என்று கேட்பவர்கள் பாடசாலைக்குள்ளும் இருக்கிறார்கள், பங்களாவிலும் இருக்கிறார்கள், நம் சங்கக் கூட்டங்களிலும் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் சேர்த்தே இந்தப் பதில்.

முதலில் அந்தப் பாடத்தில் என்னதான் இருக்கிறது என்று பார்ப்போம். பார்க்காமலே பயப்படுகிறவர்கள் நம்மில் அதிகம்.

தொடக்கத்தில் கம்பியூட்டரே தேவையில்லை. ஒரு வேலையைப் படிப்படியாகப் படமாக வரையச் சொல்லுகிறார்கள். பாய்ச்சற் கோட்டுப்படம் என்று அதற்குப் பெயர். செய்ய வேண்டிய வேலையைப் பெட்டிக்குள் எழுத வேண்டும். கேள்வி வரும் இடத்தில் வைர வடிவம் போட வேண்டும். வைரத்திலிருந்து இரண்டு பாதை பிரியும், ஒன்று ஆம், மற்றது இல்லை. பிறகு அதே படத்தைப் பஸ்கால் என்ற மொழியில் வரியாக எழுதப் பழக்குகிறார்கள்.

இந்தப் பஸ்கால் மொழியை 1970இல் சுவிட்சர்லாந்துப் பேராசிரியர் நிக்லாஸ் விர்த் வெளியிட்டார். மாணவருக்குச் செய்நிரல் ஒழுங்காகப் படிப்பிக்க வேண்டும் என்பதுதான் அவருடைய நோக்கம். 2024 ஜனவரி முதலாந் திகதி காலமானார். மொழிக்கு அவர் வைத்த பெயர் பிரான்ஸ் நாட்டுப் பிளேய்ஸ் பஸ்காலுடையது. 1642இல், இருபது வயதுகூட நிரம்பாத அந்த இளைஞன் ஒரு கணக்குப் பொறியைச் செய்யத் தொடங்கினான். எதற்காக? ரூவான் நகரில் அரசாங்கத்துக்கு வரிக்கணக்குப் பார்த்த தகப்பனின் கைவலியைக் குறைக்க. இன்று நாம் பார்க்கிற கணக்கு இயந்திரங்களுக்கு முன்னோடிகளில் ஒன்று சனங்களிடமிருந்து வரி வாங்கும் கணக்குக்காகப் பிறந்தது என்பதை நாம் மறக்கத் தேவையில்லை. கணக்கு யார் பக்கம் நின்று போடப்படுகிறது என்ற கேள்வி அன்றைக்கே அதோடு பிறந்துவிட்டது.

சரி, அந்த வைரத்துக்குள் நம் அரைப்பேரை வைத்துப் பார்ப்போம். நாளுக்கு 20 கிலோ என்று ஒரு தோட்டத்தில் நிர்ணயம் என்று வையுங்கள். (சில இடத்தில் 18, சில இடத்தில் வேறு. கணக்கு விளங்குவதற்காக 20 என்று எடுக்கிறோம்.) ஆபிஸ் கம்பியூட்டருக்குள் இருப்பது ஏறக்குறைய இவ்வளவுதான்:

கிலோ 20 அல்லது அதற்குக் கூட என்றால், பேர் ஒன்று.
இல்லாவிட்டால், பேர் அரை.

இதில் என்ன மர்மம் இருக்கிறது? தரம் 11 பிள்ளை இரண்டு நிமிடத்தில் எழுதிவிடும். ஆனால் முதல் வரியில் "20 அல்லது அதற்குக் கூட" என்பதற்குப் பதிலாக "20ஐ விடக் கூட" என்று ஒருவர் எழுதிவிட்டால் என்ன ஆகும்? பஸ்காலில் >= என்று இருக்க வேண்டியது > என்று ஆகிவிடும். ஒரே ஓர் அடையாளம்தான் குறைகிறது. சரியாக 20 கிலோ கொண்டுவந்தவளுக்கு அரைப்பேர். 2024 செப்டெம்பர் வர்த்தமானி ஒரு நாள் சம்பளத்தை 1,350 ரூபா என்று நிர்ணயித்தது; அந்தக் கணக்கையே இங்கே எடுப்போம். அரைப்பேர் என்றால் 675. மாதத்தில் நான்கு நாள் அப்படி விழுந்தால் 2,700 ரூபா போய்விட்டது. வெறும் ஒரு அடையாளம் அது. யாரோ அவசரத்தில் விட்டதாகவும் இருக்கலாம், யாரோ சொல்லி விட்டதாகவும் இருக்கலாம். இரண்டில் எது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் அந்த வரியைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று சொல்லுகிறோம், இது அதைவிட நுட்பமானது. பஸ்காலில் தசமத்தை முழு எண்ணாக்க இரண்டு கட்டளை உண்டு. ரவுண்ட் என்றால் கிட்டிய முழு எண்ணுக்குப் போகும், 7.6 என்பது 8 ஆகும். ட்ரங்க் என்றால் புள்ளிக்குப் பின்னால் உள்ளதை வெட்டி எறியும், 7.6 என்பது 7 ஆகும். ஒரு பெண் காலை நிறுவையில் 7.6, பகலில் 6.8, அந்தியில் 5.7 கிலோ கொண்டுவருகிறாள். கூட்டினால் 20.1. முழுப்பேர். ஆனால் ஒவ்வொரு நிறுவையிலும் புள்ளியை வெட்டிவிட்டு அப்புறம் கூட்டினால்? ஏழும் ஆறும் ஐந்தும் பதினெட்டு. அரைப்பேர். அதே கொழுந்துதான், தராசும் பிழை இல்லை. வெட்டுவது முன்னாலா, கூட்டுவது முன்னாலா என்ற ஒழுங்கு மட்டுந்தான் மாறியது. தராசைச் சோதிக்க ஆள் அழைத்து வந்தாலும் இந்தப் பிழை பிடிபடாது. அது தராசில் இல்லையே.

சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிக்கிறார்கள். கழிவு ஒரு நாளைக்கு ஒரு தடவையா, நிறுவைக்கு ஒரு தடவையா? செய்நிரலில் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்விக்கும் பகுதி ஒன்று உண்டு. கழிக்கும் வரி அந்தப் பகுதிக்கு உள்ளே நின்றால் மூன்று நிறுவைக்கும் மூன்று தரம் கழியும். வெளியே நின்றால் ஒரு தரம் கழியும். ஒரு தரத்துக்கு ஒரு கிலோ என்று வைத்தால், இருபது நாளில் ஒரு பக்கம் 60 கிலோ, மறுபக்கம் 20 கிலோ. நாற்பது கிலோ கொழுந்து ஒரு வரி நிற்கும் இடத்தைப் பொறுத்திருக்கிறது. நம் தோட்டங்களில் எங்கெங்கே எப்படி நடக்கிறது என்று இங்கே நாம் தீர்ப்புச் சொல்லவில்லை. அந்த வரிகளை நமக்கு இதுவரை யாரும் காட்டவில்லை என்று மட்டும் சொல்லுகிறோம்.

இப்படிப் பார்க்கப் பழகினால் பழைய சங்கதிகளும் வேறு மாதிரித் தெரியும். 2016 கூட்டு ஒப்பந்தத்தை எடுங்கள். 730 ரூபா வாங்கித் தந்தோம் என்று மேடை மேடையாகச் சொன்னார்கள். அதில் அடிப்படைச் சம்பளம் 500. வரவுக்கு 60, உற்பத்தித் திறனுக்கு 140, விலைப்பங்கு 30. வரவு இருந்தால், உற்பத்தி இருந்தால் என்று இரண்டு வைரத்தைத் தாண்டினால்தான் மிச்சக் காசைக் காண முடியும். ஊழியர் சேமலாப நிதி அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும். அந்த ஒப்பந்தம் தாளில் எழுதிய செய்நிரல்தான். அன்றைக்கு நம்மிடம் யாராவது அதைப் படமாக வரைந்து, எந்தப் பாதையில் எத்தனை பேர் போவார்கள் என்று காட்டியிருந்தால், மேடையில் மாலை போட்டிருப்போமா?

கம்பியூட்டர் பிழை விடாது என்று நம்புகிறவர்களுக்காகத் தூரத்துச் சங்கதி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. பிரிட்டனில் உப தபாலதிபர்கள் இருக்கிறார்கள். கடையோடு சேர்த்துத் தபால் கந்தோரை நடத்தி, ஒவ்வொரு சதத்துக்கும் கணக்குக் கொடுக்க வேண்டியவர்கள். 1999இலிருந்து புஜிட்சு கம்பனி செய்து கொடுத்த ஹொரைசன் என்ற கணக்கு முறை அவர்கள் கடைகளுக்கு வந்தது. காசு குறைகிறது என்று அது காட்டத் தொடங்கியது. கம்பியூட்டர் சொன்னால் சரி என்று தபால் நிர்வாகம் அவர்கள் மேல் களவு வழக்குப் போட்டது. 2015 வரையில் 900க்கு மேற்பட்டவர்கள் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள், வீட்டை விற்றுக் காசு கட்டியவர்கள் இருக்கிறார்கள், உயிரை விட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் நம்மைப் போல தெற்காசிய வம்சாவளியினர் பலர். முறைப்பாடு செய்தவர்களிடம் "உங்களுக்கு மட்டுந்தான் இந்தப் பிரச்சினை" என்று சொல்லி வந்தார்கள். அலன் பேட்ஸ் என்ற உப தபாலதிபர் மற்றவர்களைத் தேடிப் பிடித்தார். 555 பேர் சேர்ந்து வழக்காடினார்கள். 2019 டிசம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் அந்தக் கணக்கு முறையில் பிழைகள் இருந்தன என்று தீர்த்தது. 2024இல் பாராளுமன்றம் சட்டம் போட்டு அந்தக் குற்றத் தீர்ப்புகளை இரத்துச் செய்தது. இருபது வருடத்துக்கு மேல் போயிற்று.

ஒவ்வொருவரையும் தனித்தனியாக ஜன்னலில் நிறுத்தி, உனக்கு மட்டுந்தான் என்று சொல்லும் தந்திரம் நமக்குப் புதிதா?

இனி, எதிர்ப்பவர்களிடம் வருவோம்.

"நம்ம பிள்ளைக்கு இது சரிவராது, லேசான பாடத்தை எடுக்கட்டும்" என்பது ஒன்று. சாதாரண தரத்தில் இது விருப்பப் பாடம். ஆசிரியர் இல்லை, பெறுபேறு குறைந்தால் பாடசாலையின் பேர் கெடும் என்று பிள்ளையை வேறு பாடத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். தாய் தகப்பன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். ஆசிரியர் இல்லாவிட்டால் கேட்க வேண்டியது ஆசிரியரை. பாடத்தைக் கைவிடுவது எந்த ஊர் நியாயம்? கணித ஆசிரியர் இல்லாத காலத்தில் கணிதத்தை விட்டோமா?

சில பாடசாலைகளில் கம்பியூட்டர் அறை இருக்கிறது. திறப்பு விழா நடந்தது, நாடா வெட்டினார்கள், படம் பிடித்தார்கள், பத்திரிகையில் வந்தது. அதற்குப் பிறகு சாவி ஒருவரிடம், தூசி இயந்திரத்தின் மேல். பிள்ளைகள் தொட்டால் பழுதாகிவிடுமாம். தொடாமல் வைத்தே பழுதாகிப் போனவற்றை நாம் பார்த்திருக்கிறோம். தேர்தலுக்குத் தேர்தல் மடிக்கணினி கொடுக்க வரும் பெரியவர்களிடம் நமக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கொடுத்தது போதும், முன்பு கொடுத்ததைத் திறந்து விடச் சொல்லுங்கள்.

பிறகு டவுனில் இருக்கும் வகுப்புக் கடைகள். ஆறு மாதத்தில் கம்பியூட்டர் டிப்ளோமா, வெளிநாட்டு வேலை நிச்சயம் என்று பலகை. தோட்டத்துப் பிள்ளைதான் அவர்களுக்கு நல்ல வியாபாரம். தாயின் தோட்டை அடகு வைத்துச் சேருகிறார்கள். அங்கே கடிதம் தட்டச்சுச் செய்யவும் படத்துக்கு நிறம் போடவும் பழக்கிவிட்டுச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். அதுவும் வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் இன்னொருவர் எழுதிய நிரலில் பொத்தான் அழுத்தப் பழகுவதும் நிரலை எழுதப் பழகுவதும் ஒன்றில்லை. ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்டியும் கிடைக்காத இரண்டாவது, இலவசப் புத்தகத்தின் முதல் பாடத்தில் இருக்கிறது. காசு கட்டாத எதற்கும் மதிப்பில்லை என்று நினைக்க நம்மைப் பழக்கியிருக்கிறார்கள்.

இங்கிலீஷ் தெரியாதே என்பார்கள். பஸ்காலில் மொழிக்கென்று ஒதுக்கிய சொற்கள் முப்பத்தைந்து அளவில்தான். இஃப், தென், எல்ஸ், வைல், பிகின், என்ட் என்று போகும். செக்ரோல், மஸ்டர், டிவிஷன், பீல்ட், ஸ்டோர், பங்களா, லயன், அட்வான்ஸ், போனஸ் என்று நாம் படிக்காமலே பேசும் சொற்களை எண்ணிப் பாருங்கள். முப்பத்தைந்து சொல் கற்பது பெரிய மலையா? மாறிகளுக்கு நீங்கள் விரும்பிய பெயரை வைக்கலாம். கே, ஓ என்று இங்கிலீஷ் எழுத்தில் கொழுந்து என்றே வைத்தாலும் கம்பியூட்டர் ஆட்சேபிக்காது.

மாறி என்றால் என்ன என்று சிலர் கேட்கலாம். காலை நிறுவை எவ்வளவு, பகல் எவ்வளவு, இன்னும் எத்தனை கிலோ பறித்தால் பேர் விழும் என்று கூடை சுமந்தபடி மனதுக்குள் கூட்டிக்கொண்டே நடக்கிற ஒவ்வொரு அம்மாவும் அதைத்தான் நாள் முழுக்கச் செய்கிறாள். மனதில் ஒரு பெயரோடு வைத்திருக்கிற, மாறிக்கொண்டே இருக்கிற எண். புத்தகம் அதற்கு ஒரு பெட்டி வரைந்து பெயர் எழுதுகிறது, அவ்வளவுதான். படிக்காதவர்கள் என்று நம்மைச் சொல்லுகிறவர்கள் ஒரு நாள் அந்தக் கணக்கைத் தலையில் வைத்துக்கொண்டு மலை ஏறிப் பார்க்கட்டும்.

இன்னொரு ரகமும் உண்டு, படித்த ரகம். பஸ்கால் பழசு, இப்போது உலகம் பைதனில் ஓடுகிறது, இந்தப் புத்தகத்தைப் படித்து என்ன பயன் என்று கேட்பார்கள். உயர்தரத்துக்குப் போனால் அங்கே பைதன் இருக்கிறது, போகட்டும், படிக்கட்டும். எந்த மொழிக்குப் போனாலும் வைரத்துக்கு இரண்டு பாதைதான். நடக்கப் பழகுகிற பிள்ளையிடம் உன் செருப்பு பழைய மாதிரி என்று சொல்லுகிற புத்திசாலித்தனம் நமக்கு வேண்டாம்.

புத்தகத்தை நாம் தலையில் தூக்கி வைத்து ஆடவும் இல்லை. அதன் தமிழ் கரடுமுரடு. மொழிபெயர்த்த வாடை பக்கத்துக்குப் பக்கம் அடிக்கிறது. ஒரு சொல்லைப் புத்தகம் ஒரு விதமாகவும் ஆசிரியர் இன்னொரு விதமாகவும் சொல்லப் பிள்ளை நடுவில் நிற்கிறது. பரப்பளவு, சராசரி, மூன்று எண்ணில் பெரியது எது என்று கணக்குகள் வருகின்றன. நம் வாழ்க்கையிலிருந்து ஒன்று வந்தால் எவ்வளவு சுலபமாக விளங்கும்! வந்தால் விளங்கிவிடும் என்பதால்தான் வரவில்லையோ என்றுகூடச் சில வேளை நமக்குத் தோன்றும். எப்படியானாலும் குறை இருக்கிற புத்தகம் கையில் இருப்பது, குறையில்லாத புத்தகம் கனவில் இருப்பதைவிட மேல்.

இந்த விடயத்தில் நாம் ஏன் இவ்வளவு கோபப்படுகிறோம் என்று கேட்பவர்கள் துண்டு முறையைப் பற்றி வீட்டில் உள்ள பெரியவர்களிடம் கேட்கட்டும். ஒரு தொழிலாளியும் குடும்பமும் எவ்வளவு கடன் என்று எழுதிய ஒரு தாள். அந்தக் கடனைத் தீர்த்தால்தான் அடுத்த தோட்டம். எழுதியது துரையும் கங்காணியும். சுமந்தது நம் பாட்டன். அதை அவரால் வாசிக்க முடியாது. 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். 1945இல் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் துரைமாரின் கையிலேயே விடப்பட்டன. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்க எழுபதுகள் வரை போனது. நம்மவர் எழுத்தறிவு பெறுவதை ஒவ்வொரு காலத்திலும் யாரோ ஒருவர் அவசரமில்லாத காரியம் என்று நினைத்திருக்கிறார். அதற்கு எதிராகத்தான் கோ. நடேசய்யரும் மீனாட்சி அம்மையாரும் உரிமையையும் சட்டத்தையும் தமிழில் துண்டுப்பிரசுரமாகவும் பாட்டாகவும் அச்சிட்டு நம் சனத்திடம் கொண்டுபோனார்கள். அன்றைக்கு வாசிக்கத் தெரியாத துண்டு தாளில் இருந்தது. இன்றைக்கு அது ஆபிஸ் கம்பியூட்டருக்குள் இருக்கிறது.

நிர்வாகங்களிடம் நாம் கேட்பது பெரிய இரகசியம் ஒன்றுமில்லை. நிர்ணயம் எத்தனை கிலோ, கழிவு எவ்வளவு, எத்தனை தரம், புள்ளிக்குப் பின்னால் உள்ளதை என்ன செய்கிறீர்கள், எந்த இலக்கத்தில் அரைப்பேர். இதைத் தமிழில் எழுதிக் கொழுந்து மடுவத்தில் ஒட்டுங்கள். ஒவ்வொரு நிறுவையையும் புள்ளியோடு துண்டில் போடுங்கள், மாதக் கடைசியில் மொத்தம் மட்டும் தந்து ஏமாற்ற வேண்டாம். 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் முதலாளி சம்பளப் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்கிறது. கணக்குப் போட்ட விதி தெரியாத பதிவேடு அரைப் பதிவேடுதான். ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் ஆகியவற்றின் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. அவை அரசாங்க நிறுவனங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் விண்ணப்பம் போட்டு இந்த விதிகளைக் கேட்கலாம். கம்பனித் தோட்டங்களில் சங்கம் மூலம் எழுதிக் கேட்போம். தர மறுத்தால் மறுத்த கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள், அதற்கும் வேலை உண்டு.

வலயக் கல்விப் பணிமனைகளிடம் கேட்பது, பூட்டிய அறைகளைப் பின்னேரத்தில் திறந்து விடுவது, தமிழ்மொழி மூல ஆசிரியரை அனுப்புவது. ஆசிரியர் வரும்வரை நாம் சும்மா இருக்கவும் தேவையில்லை. சாதாரண தரத்தில் இந்தப் பாடத்துக்கு எழுத்துப் பரீட்சைதான். படம் வரைவதையும், வரியை விரலால் தொட்டு ஒவ்வொரு பெட்டியிலும் எண் எப்படி மாறுகிறது என்று அட்டவணை போடுவதையும் கொப்பியில் பழகலாம். பஸ்கால் எழுதி ஓட்டிப் பார்க்கிற மென்பொருள் இலவசம். பழைய இயந்திரத்திலும் ஓடும், ஒருமுறை ஏற்றிவிட்டால் இணையம் தேவையில்லை. கிளைகள் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கோயில் மண்டபத்திலோ வாசிகசாலையிலோ இரண்டு மணித்தியாலம் ஒதுக்கட்டும். கடந்த வருடம் பரீட்சை எழுதிய பிள்ளைகள் இந்த வருடப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். மாதர் சங்கத் தலைவிகள் கட்டாயம் உட்கார வேண்டும். பேர் வெட்டுப்படுவது அவர்களுக்குத்தான், ஆகவே வைரத்தை முதலில் வரையவும் அவர்கள்தான் வேண்டும். பொம்பிளைப் பிள்ளைக்குக் கம்பியூட்டர் எதற்கு என்று கேட்கும் அண்ணன்மாரும் வரலாம், பின்வரிசையில் இடம் இருக்கும்.

முதல் வகுப்புக்கு ஒரு கணக்கு தருகிறோம். நிர்ணயம் 20 கிலோ. ஒரு தொழிலாளியின் மூன்று நாள் நிறுவை இது. திங்கள் 6.9, 7.4, 6.2. செவ்வாய் 8.0, 7.0, 5.0. புதன் 7.9, 7.9, 4.9. கூட்டிய பிறகு புள்ளியை வெட்டி ஒரு தரம் போடுங்கள். ஒவ்வொரு நிறுவையிலும் வெட்டிவிட்டுக் கூட்டி இன்னொரு தரம் போடுங்கள். இரண்டையும் "20 அல்லது கூட" என்றும் "20ஐ விடக் கூட" என்றும் வைத்துப் பாருங்கள். ஒரே கொழுந்துக்கு நான்கு கணக்கு வரும். ஒன்றில் மூன்று பேர், 2024 வர்த்தமானிச் சம்பளத்தின்படி 4,050 ரூபா. மற்றவற்றில் எத்தனை என்று பிள்ளைகள் கண்டுபிடித்து எழுதட்டும். பிறகு உங்கள் சொந்த நிறுவைகளைத் தினமும் ஒரு கொப்பியில் குறித்து, அதே நான்கு விதமாகவும் மாதம் முழுக்கப் போட்டுப் பார்த்து, எந்தக் கணக்கு ஆபிஸ் தந்த துண்டோடு ஒத்துப் போகிறது என்று அடையாளம் போடுங்கள். கொப்பியையும் துண்டையும் சேர்த்து அடுத்த கிளைக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.